வாக்குச்சாவடியில் அடையாள அட்டை: கேட்கலாமா, கூடாதா?

(தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 அன்று நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. "அட்டை இல்லையா, ஓட்டு இல்லை. அவ்வளவுதான்" என்று ஒருவர் போட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. "அட்டையைத் தொலைத்துவிட்ட பாட்டி என்ன செய்வாள்?" என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் கட்டைவிரல்கள். இரண்டுக்கும் கட்டைவிரல் காட்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

வங்கியில் வேலை பார்த்தவன், தேர்தல் பணிக்கும் போனவன் என்பதால் இதைப் பற்றிப் பேசச் சொல்லி நம் செயலாளர் கேட்டார். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாளம் கேட்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காட்ட முடியாதவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நாம் கை கழுவ முடியாது.

ஓட்டுப் போடுவதில் மூன்று காவல் இருக்கிறது. நாம் அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று வாக்காளர் பட்டியல். உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது அதுதான். கையில் பளபளவென்று அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. இரண்டாவது அட்டை. பட்டியலில் உள்ள பெயருக்குரிய ஆள்தானா எதிரே நிற்பவர் என்று பார்க்க மட்டும்தான் அது. மூன்றாவது விரல் மை. ஒரே ஆள் இரண்டாவது தடவை வராமல் அது தடுக்கும். மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் மை 1962 பொதுத் தேர்தலிலிருந்து நம் விரலில் ஏறிக்கொண்டிருக்கிறது.

கள்ள ஓட்டு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் எந்த வகையை எந்தக் காவல் தடுக்கும் என்று பாருங்கள். செத்தவர் பெயரில் ஓட்டு விழுகிறது என்றால் முதல் குற்றவாளி பட்டியல். அந்தப் பெயர் அங்கே இருந்ததால்தான் ஒருவன் அதைச் சொல்லிக்கொண்டு வர முடிந்தது. மை அவனை ஒன்றும் செய்யாது, அவனுக்கு அது முதல் ஓட்டு. அட்டை கேட்டால் மாட்டுவான். அதனால்தான் அட்டை வேண்டும் என்கிறேன்.

இது ஒரே நாளில் வந்த ஏற்பாடும் அல்ல. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வடமாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய அம்மா' என்றுதான் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். கொள்கை சரி, அடுத்த தேர்தலுக்குள் நிலைமையும் மாறியது. ஆனால் அந்தத் தேர்தலில் அந்த 28 லட்சம் பேருக்கு ஓட்டு இல்லை. 1960-இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலுக்குப் படத்தோடு அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் ஆள் இல்லை, பெண்கள் படம் எடுத்துக்கொள்ள மறுத்தார்கள் என்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் விடுபட்டுப் போனார்கள். திட்டத்தை அப்படியே மூடி வைத்தார்கள்.

அதைத் தூசி தட்டி எடுத்தவர் டி.என்.சேஷன். 1993-இல் எல்லா வாக்காளருக்கும் படத்தோடு அட்டை என்று உத்தரவு போட்டார். அட்டை கொடுக்காத மாநிலத்தில் 1995 ஜனவரி 1-க்குப் பிறகு தேர்தலே கிடையாது என்றும் மிரட்டினார். அவர் குணம் உங்களுக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அட்டை தரவில்லை என்பதற்காகத் தேர்தலை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆனது. சேஷனும் சரி, நீதிமன்றமும் சரி. இன்றைக்கு நம்மிடம் இருப்பது அந்த இருவரும் சேர்ந்து கொடுத்த ஏற்பாடு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் கட்டாயம், ஆனால் வாக்காளர் அட்டைதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் அதற்குப் பதிலாக 12 ஆவணங்களில் எதையும் காட்டலாம் என்று இருந்தது. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஓய்வூதிய ஆவணம், நூறு நாள் வேலை அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாம் அதில் உண்டு. வங்கியிலோ அஞ்சலகத்திலோ படம் ஒட்டிக் கொடுத்த பாஸ்புக்கும் உண்டு. அந்தக் காலத்தில் கவுன்டரில் உட்கார்ந்து பசை தடவி, படம் ஒட்டி, பாதி படத்தில் பாதி தாளில் விழும்படி முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது, அது ஒரு நாள் வாக்குச்சாவடிக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியாது!

ரேஷன் கார்டு மட்டும் இந்த வரிசையில் இல்லை. இதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் வேலை செய்யும் பல பெண்கள் கைப்பையில் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான்.

2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தலில் நான் முதல் வாக்குப்பதிவு அலுவலர். அதாவது பட்டியலை வைத்துக்கொண்டு ஆளையும் ஆவணத்தையும் பார்த்து, பெயரை உரக்கச் சொல்லும் வேலை. சுற்றி உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் டிக் செய்துகொள்வார்கள். அதற்கு முந்தைய தேர்தல் வரை வீட்டுக்கு வந்து கொடுக்கும் படம் போட்ட பூத் சிலிப்பையே அடையாளமாகக் காட்டி ஓட்டுப் போடலாம். அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் ஆணையம் அதை நிறுத்தியது. சிலிப்பில் பாதுகாப்பு அம்சம் எதுவும் இல்லை, தவறாகப் பயன்படுத்துகிறார்கள், ஏறக்குறைய 99 சதவீதம் வாக்காளர்களிடம் அட்டை இருக்கிறது என்பது காரணம். நியாயமான காரணம். 'இதை அடையாளமாக ஏற்க முடியாது' என்று சிலிப்பிலேயே அச்சடித்தும் இருந்தார்கள்.

காலை எட்டு மணி இருக்கும். கட்டட வேலைக்குப் போகும் ஒரு கொத்தனாரும் அவருக்குச் சற்றுப் பின்னால் ஓர் அம்மாவும் வந்தார்கள். இருவர் கையிலும் சிலிப் மட்டும்தான். சிலிப்பில் படம் இருக்கிறது, முகம் பொருந்துகிறது, பட்டியலில் பெயர் இருக்கிறது. அந்தத் தெரு ஏஜென்ட்டுகள் மூன்று பேருமே, "நம்ம ஆளுதான் சார், விடுங்க" என்கிறார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். ஆனால் விதி விதிதான். தலைமை அலுவலர் இருவரையும் பொறுமையாக உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லி, வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொன்னார். அந்த அம்மா பஸ் பிடித்துப் போய், வீட்டுப் பெட்டியைக் கிளறி, சாயங்காலம் ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக்கோடு வந்து நின்றார். கொத்தனார் வரவில்லை. அன்று அவருக்கு விடுமுறை, ஆனால் கூலி கிடையாது. எங்கே வேலை கிடைத்ததோ, போய்விட்டார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கோடு விழாமலே பெட்டியை மூடி முத்திரை வைத்தோம்.

இது யாருடைய தவறும் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஓட்டு எந்தக் கணக்கிலும் வராது. கள்ள ஓட்டுப் போட்டவனைப் பிடித்தால் செய்தித்தாளில் வரும். நல்ல ஓட்டு ஒன்று போடாமல் போனால் அது 'வாக்களிக்காதவர்' எண்ணிக்கையில் ஒன்று, அவ்வளவே. 'நகரவாசிகளுக்குப் பொறுப்பில்லை' என்று மறுநாள் நாம் சலித்துக்கொள்வோமே, அந்த எண்ணிக்கையில்.

99 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 2024 தேர்தலில் நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய 97 கோடி. அதில் ஒரு சதவீதம் என்றால் 97 லட்சம் பேர். பேரேட்டில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடிய தலைமுறை நாங்கள். 97 லட்சத்தை 'சில்லறை' என்று எழுதித் தள்ள மனம் வரவில்லை.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 2022-இல் சட்டம் போட்டு, 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் முதல் முறையாக அடையாளம் கேட்டார்கள். வாக்குச்சாவடி வரை வந்து, அடையாளம் இல்லாமல் திரும்பி, பிறகு வரவே வராதவர்கள் சுமார் 14,000 பேர் என்று அங்குள்ள தேர்தல் ஆணையமே கணக்குச் சொன்னது. வந்தவர்களில் கால் சதவீதம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது போரிஸ் ஜான்சன் அரசு. 2024 மே மாதத் தேர்தலில் அடையாளம் எடுத்துக்கொள்ளாமல் போய்த் திரும்பி நின்றவர்களில் அந்த ஜான்சனும் ஒருவர்! பிறகு எடுத்துக்கொண்டு வந்து போட்டார். காரும் நேரமும் இருப்பவர் திரும்பி வரலாம். நம் கொத்தனார் கதை வேறு.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலம். அரசு கொடுத்த, படமுள்ள அடையாளம் இல்லாமல் ஓட்டுப் போட முடியாது என்ற அதன் சட்டம் செல்லும் என்று 2008 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வாரமே அங்கே ஒரு தேர்தல். சவுத் பெண்ட் என்ற ஊரில் ஒரு கன்னியாஸ்திரி மடத்திலேயே வாக்குச்சாவடி. மடத்தில் இருந்த வயதான சகோதரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். ஓட்டுநர் உரிமம் கிடையாது, பாஸ்போர்ட் காலாவதி. அவர்களைத் திருப்பி அனுப்பிய அலுவலர் யார் என்றால், அதே மடத்தைச் சேர்ந்த இன்னொரு சகோதரி. தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். 'உங்களை எனக்குத் தெரியும், ஆனால் சட்டத்துக்குத் தெரியாது' என்ற நிலை. அடையாளம் என்பதன் நோக்கமே ஆளைத் தெரிந்துகொள்வதுதானே? ஆள் தெரிந்தும் தாள் இல்லை என்று அனுப்பும்போது எங்கோ தலைகீழாகிவிடுகிறது.

இதற்கு வங்கியில் ஒரு வழி வைத்திருந்தோம். எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கணக்குத் தொடங்க ஆதாரும் இல்லை, பானும் பெரும்பாலோரிடம் இல்லை. 'இன்ட்ரொடக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் வந்து, 'இவரை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நாளை ஏதாவது மோசடி என்றால் கையெழுத்துப் போட்டவரையும் கூப்பிட்டுக் கேட்போம் என்பதால் யாரும் சும்மா போட மாட்டார்கள். 2002-இல் ரிசர்வ் வங்கி 'உங்கள் வாடிக்கையாளரை அறியுங்கள்' என்று கேஒய்சி விதிகளைக் கொண்டுவந்தது. ஆவணம் கட்டாயம் ஆனது. சரிதான். ஆனால் ஆவணமே இல்லாத ஏழை என்ன செய்வார் என்ற கேள்வி வந்தபோது, ரிசர்வ் வங்கி கதவைச் சாத்தவில்லை. 'சிறு கணக்கு' என்று ஒன்றை அனுமதித்தது. படத்தில் அவரே கையெழுத்துப் போட்டு, வங்கி அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்கக்கூடாது என்று வரம்பு. பணத்தைக் காக்கும் வங்கியே தாள் இல்லாதவருக்கு ஒரு சிறு கதவு வைத்திருக்கிறது என்றால், வாக்குச்சாவடியில் வைக்க முடியாதா?

கனடாவில் வைத்திருக்கிறார்கள். அங்கே அடையாளம் கேட்பார்கள். இல்லையென்றால், தன் பெயரையும் முகவரியையும் எழுத்தில் உறுதி கொடுத்து, அதே வாக்குச்சாவடியைச் சேர்ந்த இன்னொரு வாக்காளர் தன் அடையாளத்தைக் காட்டி 'இவரை எனக்குத் தெரியும்' என்று உறுதி சொன்னால் ஓட்டுப் போடலாம். ஒருவர் ஒருவருக்குத்தான் சொல்ல முடியும். வண்டியில் ஆள் ஏற்றி வந்து எல்லோருக்கும் ஒருவனே சாட்சி சொல்ல முடியாது. நம் பழைய இன்ட்ரொடக்‌ஷன்தான் இது, எனக்குப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இதை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. பெயர் பட்டியலில் இருக்க வேண்டும், பொய் சாட்சி சொன்னால் இருவர் மேலும் வழக்கு, ஒருவருக்கு ஒருவர் மட்டும். ஏஜென்ட்டுகள் மிரட்டி சாட்சி சொல்ல வைப்பார்கள் என்று நம் குழுவிலேயே ஒரு நண்பர் சொன்னார். அந்தப் பயம் பொய் இல்லை. அதனால்தான் கட்சி ஏஜென்ட்டுகள் சாட்சி சொல்லக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்கிறேன்.

"நம் கேட்டிலேயே அடையாளம் இல்லாமல் யாரையும் விடுவதில்லையே" என்பது குழுவில் அதிகம் பேர் சொன்ன வாதம். கேட்டில் வருகிறவர் நம் வீட்டுக்கு வருகிற வெளியாள். அவரை விடலாம், விடாமலும் இருக்கலாம். நம் உரிமை. வாக்குச்சாவடிக்கு வருகிறவர் வெளியாள் இல்லை, வீட்டுக்குச் சொந்தக்காரர். நீங்கள் சாவியை மறந்துவிட்டு வந்தால் செக்யூரிட்டி உங்களை ராத்திரி முழுக்கத் தெருவில் நிறுத்தி வைத்தால் சும்மா இருப்பீர்களா? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

இனி நம் வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் அட்டையைப் பற்றிச் சூடாகப் பேசுகிற நாம் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நம் குடியிருப்பில் பல வீடுகளில் வாடகைக்கு இருந்தவர் மூன்று பேர் மாறியிருப்பார்கள். பிள்ளைகள் பெங்களூருவிலோ டல்லாஸிலோ இருப்பார்கள். பெரியவர் காலமாகி நான்கு ஆண்டு ஆகியிருக்கும். பெயர் எல்லாம் பட்டியலில் அப்படியே கிடக்கும். அந்தப் பெயர்கள்தான் கள்ள ஓட்டுக்கு முதல். சொந்த ஊரில் ஓர் ஓட்டு, இங்கே ஓர் ஓட்டு என்று வைத்திருப்பவர்களும் நம்மிடையே உண்டு. ஒருவர் ஓரிடத்தில்தான் வாக்காளராக இருக்க முடியும். அது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஊர் மேல் பாசம் என்றால் அங்கேயே வைத்துக்கொண்டு இங்கே எடுத்துவிடுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு எல்லாம் அதில் உண்டு. பெரும்பகுதி இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள். இடம் மாறியவர் என்றால் அவர் இல்லாமல் போய்விடவில்லை. வேறு எங்கோ இருக்கிறார். அங்கே அவர் பெயர் ஏறியதா என்பதுதான் கேள்வி. பிகாரில் இதே திருத்தத்தில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, யார் யார், என்ன காரணம் என்று வெளியிடும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணக்கை முடித்தால் எந்தக் கணக்கு, ஏன் என்று சொல்ல வேண்டும். வங்கியில் அது அரிச்சுவடி. வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாறுகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். நமக்குச் சமைத்துப் போட்டு, லிஃப்ட் துடைத்து, இரவில் காவல் காக்கிறவர்கள் அவர்கள்.

சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால், அட்டையில் பிழை இருந்தால் படிவம் 8. புதிதாகச் சேர்க்க 6. நீக்க 7. வெளிநாட்டில் இருந்தும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு 6ஏ. ஓட்டுப் போட அவர்கள் நேரில் வர வேண்டும், பாஸ்போர்ட் மட்டும்தான் அடையாளம். குடியுரிமை மாறியிருந்தால் பெயர் இருக்கக் கூடாது. 85 வயது கடந்தவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்கள். தேர்தல் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். அட்டையில் 'ராஜாத்தி' பட்டியலில் 'ராசாத்தி' என்று இருந்தால் பயப்படாதீர்கள். எழுத்துப் பிழையைப் பொருட்படுத்தக் கூடாது என்று விதியே சொல்கிறது. அட்டையில் உள்ள படம் உங்களைப் போலவே இல்லையென்றால் (என் அட்டையில் இருப்பவரை என் மனைவிக்கே தெரியாது) வேறொரு ஆவணத்தையும் எடுத்துப் போங்கள். போனில் இருக்கும் படத்தை நம்பிப் போக வேண்டாம்.

உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் கோபத்தோடு திரும்பி வராதீர்கள். 2018-இல் வந்த 'சர்கார்' படம் புண்ணியத்தில் 49பி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால் தலைமை அலுவலர் தனி வாக்குச்சீட்டு தருவார். அது இயந்திரத்தில் சேராது, உறையில் போகும், சாதாரணமாக எண்ணவும் மாட்டார்கள். வழக்கு வந்தால்தான் வேலை. அப்படியென்றால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். 2008-இல் ராஜஸ்தான் நாத்துவாரா தொகுதியில் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் பேசப்பட்டது இந்த உறை ஓட்டுகளைப் பற்றித்தான். எதிரே நிற்பவர் ஆள்மாறாட்டம் செய்கிறார் என்று ஏஜென்ட்டுக்குச் சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். 1961 விதியில் இருக்கும் அதே இரண்டு ரூபாய். விலைவாசி ஏறாத ஒரே இடம் அதுதான்.

இறுதிப் பட்டியல் வந்ததும், வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அசோசியேஷன் அலுவலகத்தில் நம் பாகத்தின் பட்டியலோடு நான் உட்கார்ந்திருப்பேன். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலில் சேர்ப்பது நின்றுவிடும் என்பதால் அதற்கு நன்கு முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உங்கள் பிளாக்கில் காலமானவர்கள், காலி செய்துகொண்டு போனவர்கள் பெயர் தெரிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவரையும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களையும் கூட்டி வாருங்கள். அவர்கள் பெயர் வேறு பாகத்தில் இருந்தாலும் தேர்தல் ஆணையத்தின் ஆப்பில் தேடிப் பார்த்துவிடலாம், இல்லையென்றால் 1950 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். வரும்போது அவர்களிடம் ரேஷன் கார்டைத் தவிர வேறு என்ன ஆவணம் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் நான் எடுத்துக்கொள்கிறேன்.